கிறிஸ்துமஸுக்கு வரும் ராஜனுக்கு

அன்புள்ள ராஜன்,

உன் கடிதம் கிடைத்தது மக்கா. மகளுக்கு வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே மழை இன்னும் விட்டபாடில்லை.

குளச்சல் பக்கம் நீ பார்த்து வைத்த மீன் கடைக்கு ரிவியூ மோசமாக இருக்கிறது, போகலாமா என்று கேட்டிருந்தாய். போன மாதம் கோயம்புத்தூர் மச்சான் வந்திருந்தபோதும் இதே பேச்சுதான். கன்னியாகுமரியில் 4.8 நட்சத்திரம் போட்ட கடைக்குத்தான் போகணும் என்று நின்றார். என் மகள் போனை வாங்கி, ரிவியூக்களைத் தேதி வாரியாகப் புதியதிலிருந்து வரவைத்தாள். ஒரே வாரத்தில் வரிசையாக ஐந்து நட்சத்திரம். எல்லாவற்றிலும் ‘சூப்பர் ஃபுட், நைஸ் சர்வீஸ்’. எழுதியவர்களின் பெயரைத் தொட்டால், முக்கால்வாசிப் பேர் அந்த ஒரு ரிவியூ தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. அடுத்து 3.9 வாங்கிய கடை. அதில் ஒற்றை நட்சத்திரக்காரர்களின் புகாரைச் சத்தமாக வாசித்தாள்: ‘தேங்காய் எண்ணெய் வாடை’, ‘குண்டு அரிசிச் சோறு’, ‘குழம்பில் புளி தூக்கல்’. நமக்கு வேண்டியதே அதுதானே! அங்கேதான் போனோம். மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் மச்சான் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

மச்சானுக்குப் போன் தெரியாது என்றில்லை. பணம் அனுப்புவார், ரயில் டிக்கெட் போடுவார். ரிவியூ என்று வந்தால் மட்டும் மேலே தெரிகிற எண்ணோடு நின்றுவிடுகிறார். நம் வயசுக்காரர்கள் பலரும் அப்படித்தான். அதுதான் எனக்குக் கவலை. ஹார்வர்டில் மைக்கேல் லூகா 2011-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். அமெரிக்காவில் யெல்ப் என்கிற ரிவியூ தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் கடையின் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறதாம். அதுவும் தனிக் கடைகளுக்குத்தான். பெரிய செயின் ஹோட்டல்களுக்கு அந்த வித்தியாசம் இல்லை. மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் குடும்பமாக நடத்துகிற கடைகளை நினைத்துப் பார். எழுதிய ஆள் யார், எந்த ஊர் நாக்கு என்று பார்க்காமல் நாம் நம்புகிற ஒவ்வொரு எண்ணும் அவர்கள் அடுப்பில் போய் விழுகிறது.

உன் குளச்சல் கடைக்கு வருகிறேன். ‘மீன் பழசு’ என்று எழுதியவர்களின் தேதியைப் பார்த்தேன். எல்லாம் ஜூன் கடைசி, ஜூலை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பது உனக்குத் தெரியாததா? டிசம்பரில் போட்ட ரிவியூக்களைத் தனியாகப் படி. சாப்பிட்டவர்கள் எடுத்த படங்களில் விலைப்பட்டியலும் இருக்கிறது.

தைரியமாக அங்கேயே போவோம். வருகிற தேதியை முன்கூட்டியே சொல், முந்திரிக்கொத்து சுட்டு வைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
செல்வன்
நாகர்கோவில்