‘வேற ஏதாவது இருக்கா?’

தஞ்சாவூர்
மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு சுகர் கட்டுக்குள்தான் இருக்கிறது, நடைதான் குறைந்துவிட்டது. நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. போன மாதத்தைவிட 5,000 கூட இருந்தது. நான் பணம் கேட்கவில்லையே, போன் பண்ணு என்றுதானே சொன்னேன். மாடித் தொட்டி மறுபடி கசிகிறது, கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். எதிர் வீட்டில் பெண்ணுக்கு வரன் முடிந்துவிட்டது. அப்புறம், ஒரத்தநாட்டு அத்தை போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். கூடவே அவர் மகனும் வந்தான். உன் ஆபீசுக்குப் பக்கத்துக் கட்டடத்தில்தானே அவனும் இருக்கிறான். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். “நல்லா இருக்கான் அத்தை, அவன் டீம்ல நாலு பேர் ராஜினாமா பேப்பர் போட்டுட்டாங்க” என்றவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு காபி ஆறிப்போகிறது என்று பேச்சை மாற்றிவிட்டான். நானும் மேலே கேட்கவில்லை. உன்னிடமும் அதைக் கேட்கப் போவதில்லை. அது உன் ஆபீஸ் விஷயம்.

எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரி வார்டு மட்டும்தான். அதைச் சொல்கிறேன். உன் வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று பாதியில் மடித்து வைத்துவிடாதே.

11 பேருக்கு நீ பொறுப்பு என்று போன ஜூனில் போன் பண்ணிச் சொன்ன அன்று சாயந்திரமே பெரிய கோயிலுக்குப் போனேன். நந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதேன், சந்தோஷத்தில்தான். எனக்கு வார்டுப் பொறுப்பு வந்தபோது 38 வயது. உனக்கு 34-லேயே வந்துவிட்டது. அதே வாரம் இன்னொன்றும் சொன்னாய்: “எல்லாரோட வேலையையும் நானே ஒரு தடவை பாத்துட்டுத்தாம்மா வெளியே விடறேன்.” அதைப் பெருமையாகத்தான் சொன்னாய். எனக்கு அன்றைக்கே வயிற்றைப் பிசைந்தது. எங்களுக்கு நர்சிங் ஸ்கூலில் முதல் வருஷமே நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றி எடுப்பார்கள். அவர் விளக்கோடு நடந்ததுதான் ஊருக்குத் தெரியும். 1859-ல் எழுதிய புத்தகத்தில் நிர்வாகத்துக்கென்றே ஒரு அத்தியாயம் வைத்திருக்கிறார். நீ இருக்கும்போது நடக்கிற வேலை நீ இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டாயா என்பதுதான் அதன் சாரம். அப்போது மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினேன். அதன் அர்த்தம் புரிய இருபது வருஷம் ஆயிற்று.

இன்சார்ஜ் ஆன புதிதில் நானும் உன் மாதிரிதான். 60 பெட் வார்டில் 90 பேர் இருப்பார்கள், தரையிலும் பாய் விரித்திருக்கும். ஒவ்வொரு ஊசியையும் நானே பார்க்கணும், ஒவ்வொரு டிரிப்பையும் நானே தொடணும். வீட்டுக்கு வந்தால் உன்னையும் சின்னவளையும் பார்க்கத் தெம்பு இருக்காது. நான் லீவு போட்டால் வார்டே நின்றுபோகும். அதை அப்போது பெருமை என்று நினைத்தேன். கூட இருந்த பெண்கள் மூன்று வருஷமாகியும் தனியாக எதையும் முடிவு செய்யத் தெரியாமல் இருந்ததற்கு நான்தான் காரணம்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பசியோடு யாரிடமும் எதுவும் பேசாதே. சாப்பிட்டுவிட்டுப் பேசு.

டியூட்டி சார்ட் போடுவதைச் சொல்கிறேன், அதில்தான் ஆட்கள் நம்மை எடைபோடுவார்கள். அடுத்த மாதத்து சார்ட்டை நான் 20-ஆம் தேதியே பென்சிலில் போட்டு டியூட்டி ரூமில் ஒட்டிவிடுவேன். யாருக்கு வளைகாப்பு, யார் பிள்ளைக்குப் பரீட்சை, யாருக்கு எது முடியாது என்று 25-க்குள் வந்து சொல்லணும். அதற்கப்புறம்தான் பேனா. தீபாவளி நைட்டும் பொங்கல் நைட்டும் முறை வைத்து வரும், அந்த முறையில் என் பெயரும் இருக்கும். உனக்கு ஞாபகம் இருக்கும், இரண்டு தீபாவளிக்கு உனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது பாட்டிதான். நீ அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். ஆனால் அந்த ஒரு இரவை நான் எடுத்துக்கொண்ட பிறகு, வருஷம் முழுக்க “எனக்கு மட்டும் ஏன் சிஸ்டர் நைட்டு?” என்று ஒருத்தி கேட்கவில்லை.

பாராட்டுவது என்றால் ‘குட், குட்’ என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது இல்லை. “நேத்து ராத்திரி ஒம்பதாம் பெட்டுக்குக் கை வீங்கியிருக்குன்னு பாத்து டிரிப் ஏத்துற வென்ஃப்ளான் ஊசியை மாத்திப் போட்டியே, நல்லா பாத்தே” என்று அந்த ஒரு காரியத்தைப் பெயர் சொல்லிச் சொல்லணும், நாலு பேர் காதில் விழச் சொல்லணும். குறை சொல்வதாக இருந்தால் ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லணும். தம்பி, தனியாகக் கூப்பிட்டுப் பேசு. என்ன அவசரமானாலும் தனியாகக் கூப்பிட்டுப் பேசு. டாக்டர் ரவுண்ட்ஸில் சத்தம் போட்டால் நாம்தான் முன்னால் போய் நிற்கணும். ‘எங்க வார்டு தப்பு சார், நான் பாத்துக்கறேன்’ என்று வாங்கிக்கொண்டு, அப்புறம் உள்ளே வந்து அந்தப் பெண்ணிடம் என்ன ஆயிற்று என்று கேட்கணும். வார்டு கூட்டுகிற அம்மாவிடம் தினமும் இரண்டு வார்த்தை பேசணும். யாருக்கு ராத்திரி மூச்சு வாங்கியது என்பது கேஸ் ஷீட்டுக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும்.

ரிட்டயர் ஆவதற்கு முன் கடைசியாக நான் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தேன் அல்லவா. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த பட்டியல் ஒன்று அங்கே சுவரில் ஒட்டியிருக்கும், மொத்தம் 19 அம்சம். கத்தி வைப்பதற்கு முன்னால் உள்ளே இருக்கிற எல்லோரும் தன் பெயரையும் தன் வேலையையும் வாய்விட்டுச் சொல்லணும் என்பது அதில் ஒன்று. தினமும் பார்க்கிற முகம்தானே, இது எதற்கு என்று முதலில் நானும் நினைத்தேன். வேலையில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத பெண், பெரிய சர்ஜன் தையல் போட ஆரம்பித்த நேரத்தில், “சார், மாப் ஒண்ணு குறையுது” என்றாள். உள்ளே ரத்தம் ஒற்ற வைக்கிற துணிதான் மாப். அவர் கை நின்றது. தேடி எடுத்தோம். ஒரு தடவை அந்த அறையில் தன் பெயரைச் சொல்லிவிட்டதால்தான் அவளுக்கு இரண்டாம் தடவை வாய் திறக்க முடிந்தது என்று நான் நம்புகிறேன். காலையில் நின்றுகொண்டே ஒரு மீட்டிங் போடுவீர்கள் என்று சொன்னாயே, அதில் கடைசியாகச் சேர்ந்த பிள்ளையை முதலில் பேசவிடு. நீ கடைசியில் பேசு.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தவள் மாதிரி எழுதிக்கொண்டு போகிறேன். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. அப்பாவுக்கும் முழுசாகத் தெரியாது.

2003, நீ ஏழாம் வகுப்பு. வார்டுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். சுறுசுறுப்பு, ஆனால் கை நடுங்கும். ஒரு நாள் தெர்மாமீட்டரைக் கீழே போட்டுவிட்டாள். பாதரசம் குண்டு குண்டாகக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. அவள் குனிந்து ஒரு காகிதத்தால் ஒவ்வொன்றாகத் தள்ளிச் சேர்க்கிறாள், நான் மேலே நின்றுகொண்டு, “உன்னையெல்லாம் எவன் நர்ஸுக்குப் படிக்க வெச்சான்?” என்று கத்தினேன். 90 பேர் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து நோயாளிகளும் அவளை ஒரு மாதிரிதான் நடத்தினார்கள்.

மூன்றாம் நாள் அவள் நைட். 14-ஆம் பெட்டில் ஒரு பெரியவர், அவருக்கு இன்சுலின் 20 யூனிட். நம் ஊர் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். அவர் மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்திருந்த பாட்டிலில் ஒரு மில்லிக்கு 100. விடியற்காலை ஆறரைக்கு, தூக்கக் கலக்கத்தில், சிவப்பு மூடி சிரிஞ்சிலேயே அந்த 100 பாட்டிலை 20 கோடு வரைக்கும் இழுத்துப் போட்டுவிட்டாள். அரை மில்லி. அதாவது 50 யூனிட் உள்ளே போய்விட்டது. பாட்டிலைத் திருப்பி வைக்கும்போதுதான் அந்த எழுத்து அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

ஏழு மணிக்கு ஓவர் கொடுக்கிறாள், அதாவது ராத்திரி நடந்ததைச் சொல்லி வார்டை ஒப்படைக்கிறாள். ஒவ்வொரு பெட்டாகச் சொல்லிக்கொண்டு வந்தவள் 14 வந்ததும் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் வார்டுக்கு வேண்டிய சாமான் கேட்டு எழுதுகிற இண்டென்ட் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “சீக்கிரம் சொல்லித் தொலை, எனக்கு ஆயிரம் வேலை இருக்கு” என்றேன். “ஒண்ணும் இல்ல சிஸ்டர்” என்று புத்தகத்தை மூடினாள்.

எட்டரைக்கு அந்தப் பெரியவருக்குச் சட்டை பிழிகிற மாதிரி வியர்வை, பேச்சு குழறுகிறது. ஓடிப் போய்ப் பார்த்தால் அவள் வீட்டுக்கே போகவில்லை. அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, தன் காசில் கேண்டீனில் வாங்கிய டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டு ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, “அம்பது போயிடுச்சு சிஸ்டர்” என்றாள். சுகர் 38-க்கு இறங்கியிருந்தது. நரம்பில் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் போட்டோம், கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார். அன்றைக்கு முழுக்க டிரிப், மணிக்கு ஒரு தடவை சுகர். பிழைத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார்.

விசாரணையில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: “ஓவரில் உங்களிடம் சொன்னாளா?” நான் “இல்லை” என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அவள் சொல்ல வந்ததையும், நான் சொல்லவிடாததையும், தெர்மாமீட்டர் உடைந்த நாளையும் நான் எழுதிக் கொடுக்கவில்லை. அவளுக்கு ஒழுங்கு நடவடிக்கை என்று 17-ஏ மெமோ வந்தது, ஒரு இன்கிரிமென்ட் போயிற்று, வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். என்னைப் பொறுப்பான இன்சார்ஜ் என்றார்கள். நான் ஒருநாளும் அவளுக்கு ஒரு கார்டுகூடப் போடவில்லை.

அதற்கப்புறம்தான் ஓவரில் ஒவ்வொருத்தியும் முடித்ததும் “வேற ஏதாவது இருக்கா?” என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும் வரை சும்மா இருக்க ஆரம்பித்தேன். ஏழு, எட்டு எண்ணும்போதுதான் சொல்வார்கள். தப்பைச் சொன்னால், “சொன்னியே, அது போதும்” என்பேன். முதலில் நோயாளியைப் பார்ப்போம். ஏன் நடந்தது என்பது அப்புறம்தான். 100 பாட்டில் வந்தால் அதன் கழுத்தில் பிளாஸ்டர் சுற்றி வேறு தட்டில் வைக்கிற பழக்கமும் அன்றிலிருந்துதான்.

தம்பி, பொங்கலன்று ராத்திரி காயப்போட்ட வேஷ்டியை எடுக்க நான் மொட்டை மாடிக்கு வந்தேன். நீ அந்தப் பக்கம் திரும்பி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாய். “உங்க அம்மாவுக்கு முடியலைன்னா நான் என்ன பண்றது? லீவு கேக்க ஒரு நேரம் காலம் கிடையாதா? உன்னையெல்லாம் டீம்ல வெச்சுக்கிட்டு...” என்றாய். படியிலேயே நின்றேன். வேஷ்டியை எடுக்காமலே இறங்கிவிட்டேன். இரண்டு மாதமாக அந்தக் குரல் என் காதில் இருக்கிறது. அது உன் குரல் இல்லை, அந்த ‘உன்னையெல்லாம்’ என்னுடையது. மூன்றாம் வகுப்பில் பச்சை டிபன் பாக்ஸைத் தொலைத்துவிட்டு, என்னிடம் சொல்லப் பயந்து, ஒரு வாரம் மதியம் பட்டினி கிடந்தாயே. டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வார்டில் மாற்றிக்கொண்ட குரலை வீட்டில் மாற்றிக்கொள்ள எனக்கு இன்னும் பல வருஷம் ஆயிற்று. அதற்குள் நீ ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய்.

வடு மாங்காய் போட்டிருக்கிறேன், அத்தை மகனிடம் 2 பாட்டில் கொடுத்தனுப்புகிறேன். ஒன்றை ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போ. சாப்பிட்டுவிட்டுப் பேசு, தனியாகக் கூப்பிட்டுப் பேசு.

அன்று போனில் நீ திட்டிய அந்தப் பெண் இன்னும் உன் டீமில்தான் இருக்கிறாளா? அவள் அம்மாவுக்கு என்ன உடம்பு? எந்த ஆஸ்பத்திரியில் காட்டுகிறார்கள்? இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா