இரண்டு நோட்டையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இந்திய நிறுவனங்கள் வெளிநாட்டில் ஆலை வாங்குவது பற்றி உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். விலை இருந்தது, பெருமிதமும் இருந்தது. வாங்கிய பிறகு என்ன ஆயிற்று என்பதைக் காணோம்.

சேலம் உருக்காலையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். 2007 ஜனவரி கடைசியில் டாடா ஸ்டீல், பிரிட்டனின் கோரஸ் எஃகு நிறுவனத்தை ஏலத்தில் எடுத்தபோது எங்கள் கேன்டீனில் அதே பேச்சுதான். பங்குக்கு 455 பென்ஸ் (பிரிட்டன் காசு) என்று ஆரம்பித்த பேரம் 608இல் முடிந்தது. வெள்ளைக்காரன் ஆலையையே நம்மவர் வாங்கிவிட்டார் என்று டீ வாங்கிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். இரும்புத் தாது எங்கிருந்து வரும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. டாடாவின் ஜாம்ஷெட்பூர் ஆலைக்கு நோவாமுண்டியில் சொந்தச் சுரங்கம் இருக்கிறது. வேல்ஸில் கோரஸின் போர்ட் டால்பட் ஆலைக்கோ கப்பலில் வந்து இறங்க வேண்டும். அடுத்த வருடமே உலக நெருக்கடி, அப்புறம் மலிவுச் சீன எஃகு. 2024 செப்டம்பர் 30இல் போர்ட் டால்பட்டில் தாதுவை உருக்கும் கடைசி ஊதுலையும் அணைந்தது.

அதே குழுமம் 2008இல் ஃபோர்டிடம் 230 கோடி டாலருக்கு வாங்கிய ஜாகுவார் லேண்ட் ரோவரும் முதலில் கையைச் சுட்டது. ஆனால் காரின் பெயருக்கும் வடிவமைப்புக்கும் சீனாவில் கிராக்கி வந்ததும், சில ஆண்டுகள் டாடா மோட்டார்ஸைத் தாங்கியதே அதுதான்.

செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் மச்சான் சிங்கப்பூரில் கடை போட்டார். மூன்று வருடம் இங்கிருந்துதான் பணம் போயிற்று. இங்கே ஒரு நோட்டு, அங்கே ஒரு நோட்டு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற நாளில் அக்கா வீட்டில் சண்டை. பங்குச்சந்தையில் இங்குள்ள நோட்டுக்கு மட்டும் தனிக் கணக்கு, இரண்டையும் சேர்த்ததற்கு ஒருங்கிணைந்த கணக்கு என்று பெயர். முதலாவதை மட்டும் பார்த்து ஒரு நிறுவனத்தின் பங்கை (பெயர் வேண்டாம்) வாங்கி, ஓய்வுப் பணத்தில் நல்ல துண்டை இழந்தவன் நான்.

மேட்டூர்ப் பக்கம் பொட்டனேரியில் ஆலை நடத்தும் ஜே.எஸ்.டபிள்யூ எஃகு நிறுவனத்துக்கு அமெரிக்காவின் டெக்சாஸிலும் ஆலை உண்டு. இப்படிப்பட்ட நிறுவனங்களின் காலாண்டு முடிவை வெளியிடும்போது இரண்டு கணக்கையும் அருகருகே போடுங்கள். கடன் எவ்வளவு என்று ஒரு வரியும் சேர்த்தால் போதும்.

ஓர் ஓய்வூழியர்,
அழகாபுரம், சேலம்