உன் மகளின் செம்புத் தகடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேரன் இங்கே இருந்ததால் உட்கார்ந்து எழுத முடியவில்லை, இன்று காலைதான் ஊருக்குக் கிளம்பினான். உன் மகள் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த செய்தி எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

சூரிய மின்சாரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் வைத்து, பாலித்தீனுக்கு மூலப்பொருளான எத்திலீன் வாயுவைச் செய்ய முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும், 1980களிலேயே ஜப்பானில் யோஷியோ ஹோரி குழுவினர் செம்பை மின்வாயாக, அதாவது கரைசலுக்குள் மின்சாரம் பாய்ச்சும் தகடாக வைத்துச் செய்து காட்டிவிட்டார்கள். தங்கமும் வெள்ளியும் கார்பன் மோனாக்சைடு உண்டானதுமே அதை விட்டுவிடும், பிளாட்டினம் இறுகப் பிடித்துக்கொண்டு கடைசியில் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைத்தான் தரும், செம்பு மட்டும் பக்கத்தில் இன்னொரு கார்பன் வந்து சேரும்வரை பதமாகப் பிடித்து வைத்திருக்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் இதை நினைத்தால் எனக்கு வியப்புத்தான். ஆனால் ஒரு எத்திலீன் மூலக்கூறுக்கு 12 எலக்ட்ரான் வேண்டும், அதனால் மின்சாரம் மலிவாகக் கிடைக்காமல் இது தொழிலாகாது.

என் கவலை அதைவிட, உன் மகள் வேலை செய்கிற செம்புத் தகடு எத்தனை நாள் உழைக்கும் என்பதில்தான். வினை நடக்கும் இடத்தில் காரம் சேர்கிறது, உள்ளே விடுகிற கார்பன் டை ஆக்சைடில் பெரும்பகுதி அதோடு சேர்ந்து கார்பனேட் ஆகிவிடுகிறது, அந்த உப்பு மின்வாயின் நுண்துளைகளை அடைத்துவிடும். அப்புறம் வாயு உள்ளே போகாது, தண்ணீர்தான் ஏறும்.

நான் குளோரின் ஆலையில் சேர்ந்த புதிதில் பழைய ஆட்கள் கிராஃபைட் ஆனோடு, அதாவது குளோரின் வெளிவரும் நேர்மின்வாய் பற்றிச் சொல்வார்கள். உப்புக் கரைசலில் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், இரண்டு மின்வாய்களுக்கும் நடுவே இடைவெளி அகல அகல மின்சாரச் செலவு ஏறும், கடைசியில் வினை நடக்கும் தொட்டியான செல்லைத் திறந்து மாற்றியாக வேண்டும். 1960களில் ஹென்றி பியர் டைட்டானியத்தின் மேல் ருத்தேனியம் ஆக்சைடு பூசிய ஆனோடைக் கொண்டுவந்தார். வருஷக்கணக்கில் தேயாமல் நின்றது, அந்தத் தொழிலே மாறிப்போனது. வினை அதேதான், குளோரினும் அதேதான், மாறியது அந்த மெல்லிய பூச்சு ஒன்றுதான்! செம்புக்கும் அப்படி ஒரு நாள் வரும் என்று மனதார நம்புகிறேன், உன் மகள் கையால் வந்தால் என்னைவிடப் பெருமைப்படுகிறவன் நீ ஒருவன்தான்.

அவளுடைய தகடு தொடர்ந்து எத்தனை மணி நேரம் ஓடுகிறது, நிறுத்தி மறுபடி ஓட்டினால் பழையபடி வேலை செய்கிறதா என்று கேட்டு எழுது. வெயில் மறைந்தால் சூரிய மின்சாரம் நின்றுவிடும் இல்லையா, அதனால்தான் கேட்கிறேன். முழங்கால் வலி இப்போது எப்படி?

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்