பத்து கிலோ போர்டும் என் ஆறு கிலோவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் வந்த எடைக் குறைப்புக் கட்டுரையில் என்ன சாப்பிடலாம், எவ்வளவு நடக்கலாம் என்று எல்லாம் இருந்தது, சரி. ஆனால் எத்தனை கிலோ குறையும் என்று எதிர்பார்க்கலாம் என்பதற்கு ஒரு வரி கூட இல்லை. நான் கவிழ்ந்தது அங்கேதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் 86 கிலோ இருந்தேன். எங்கள் பக்கத்து ஜிம் வாசலில் '30 நாளில் 10 கிலோ' என்று போர்டு பார்த்துப் பணம் கட்டினேன். முதல் வாரமே இரண்டரை கிலோ இறங்கியது (பெரும்பாலும் தண்ணீர்தானாம், அது பிற்பாடுதான் தெரிந்தது), உடனே கல்யாண ஆல்பத்தில் இருக்கிற 62-க்கே போய்விடலாம் என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. அப்புறம் மூன்று வாரம் சேர்ந்தும் ஒரு கிலோ முழுசாகக் குறையவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட் இரண்டு பிளேட். ஜிம்முக்கு அதோடு முழுக்கு.

டயட்டீஷியனுக்குப் படித்த என் அக்கா மகள் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னாள். 1997-ல் அமெரிக்காவில் வெளியானதாம். 60 பெண்கள், தங்கள் எடையில் சுமார் 32 சதவீதம் குறையவேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள். 48 வாரத்தில் சராசரியாக 16 கிலோ குறைத்துவிட்டார்கள், ஆனாலும் கிட்டத்தட்ட பாதிப் பேர், 'இவ்வளவுதான் குறைந்தால் ஏமாற்றம்' என்று முதலில் அவர்களே சொன்ன எடையைக் கூட எட்டவில்லை! பதினாறு கிலோ! எனக்குக் கிடைத்திருந்தால் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்திருப்பேன்.

சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றபோது டாக்டர் கேட்டது 7 சதவீதம்தான், அதாவது ஆறு கிலோ. வாரம் 150 நிமிஷம் நடை. 2002-ல் வந்த பெரிய ஆய்வு ஒன்றில் இந்த அளவை இலக்காக வைத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்ததாம். ஐந்து நாள் காந்தி ஸ்டேடியத்தில் அரை மணி நேரம் நடந்தேன். ஒன்பது மாசம் ஆனது, நடுவில் மாம்பழ சீசன் வந்து ஒன்றரை கிலோவைத் திருப்பிக் கொடுத்தது, அப்போதும் விடவில்லை, ஏனென்றால் பாக்கி எட்டுகிற தூரத்தில் தெரிந்தது. இன்று 80.

பெரிய ஆசையே கூடாது என்று சொல்ல வரவில்லை. எங்கள் எதிர்வீட்டு அண்ணன் இருபது என்று கிளம்பிப் பதினாலு குறைத்தார், சந்தோஷமாகத்தான் இருக்கிறார். அவர் சுபாவம் அப்படி. என்னைப் போல நாலாவது வாரமே முகம் தொங்குகிறவர்களுக்காகவாவது அடுத்த கட்டுரையில் அந்த 7 சதவீதத்தைப் போடுங்கள்.

ஜிம் போர்டு இன்னும் இருக்கிறது. இப்போது '15 கிலோ'.

ஒரு வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்