பாலைவனத்தைப் பகலில் கடந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு வருகிறவர்களுக்காக உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். லாஸ் ஏஞ்சலஸ், லாஸ் வேகஸ், கிராண்ட் கேன்யன் பற்றியெல்லாம் அழகாக எழுதியவர், நடுவில் கிடக்கும் பாலைவனத்தில் பார்க்க ஒன்றுமில்லை, ராத்திரியோடு ராத்திரியாகத் தாண்டிவிடுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரி எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

நானும் என் மனைவியும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். கலிபோர்னியாவில் ஃப்ரெஸ்னோவில் வீடு. டிசம்பர், ஜனவரியில் எங்கள் பள்ளத்தாக்கில் மூடுபனி இறங்கினால் எதிர்வீடுகூடத் தெரியாது. அந்த மாதங்களை நாங்கள் அரிசோனாவில் எங்கள் ஆர்.வி.யில் கழிக்கிறோம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி அது. எங்களுடையது நடுத்தர அளவு. கலிபோர்னியாவில் அதை ஓட்டச் சாதாரண கார் லைசென்ஸே போதும். வெயில் ஏறுவதற்குள் பாலைவனத்தின் வழியாக வீடு திரும்புவோம். இந்த வசந்தத்திலும் அப்படித்தான் வந்து சேர்ந்தோம்.

நாங்கள் தங்குவது குவார்ட்ஸைட் என்ற சிற்றூரின் ஓரம். ஊரில் சில ஆயிரம் பேர்தான் நிரந்தரமாக இருக்கிறார்கள். பனிக்காலத்தில் சுற்றியுள்ள வெட்டவெளி முழுக்க வண்டிகள் வந்து நின்றுவிடும். அது அரசு நிலம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்குவதற்கான நீண்டகால அனுமதிக்கு நாங்கள் கட்டியது 180 டாலர். மின் இணைப்பு கிடையாது. கூரையில் சோலார் பலகை, வண்டியில் தண்ணீர்த் தொட்டி, சமையலுக்கு கேஸ். அரிசி களைந்த தண்ணீரில்தான் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது. அதற்கு முன்னால் தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட வேண்டும் என்பது என் மனைவியின் சட்டம். பக்கத்து வண்டி கனடாக்காரர்கள் அமெரிக்காவில் தங்குவதற்கான ஆறு மாதக் கெடு முடியுமுன் மார்ச்சிலேயே வடக்கே கிளம்பிவிட்டார்கள். அதற்கப்புறம் எங்களுக்கும் அங்கே இருப்புக் கொள்ளவில்லை.

கிளம்பும்போது பார்க்க வேண்டுமே அந்த நிலத்தை! பனிக்கால மழை ஓரளவு பெய்திருந்தால் போதும், மார்ச்சில் சாலையோரமெல்லாம் பிரிட்டில்புஷ் புதர்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். வெறும் குச்சிகளைச் செருகி வைத்தது போல நின்ற ஒகோட்டியோ செடியின் நுனிகளில் சிவப்புப் பூங்கொத்துகள் வந்துவிடும், தேன்சிட்டு அளவேயான ஹம்மிங் பறவைகள் அவற்றை மொய்க்கும். சகுவாரோ என்ற பெரிய கள்ளி முதல் கிளை விடவே பெரும்பாலும் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகும். இரண்டு மூன்று கிளையோடு நிற்கிற ஒன்றைப் பார்த்தால், என்னைவிட மூத்தது என்று தெரிந்துகொள்கிறேன்.

வழியில் ஒரு மணல் திட்டில் வண்டியை ஓரங்கட்டினோம். தரையோடு தரையாக ஒரு கள்ளி, சாம்பல் பூத்த நீல மடல்கள், மேல்விளிம்பில் வரிசையாக அடர் இளஞ்சிவப்புப் பூக்கள். நீள முள் ஒன்றுமில்லை. தொடப் போன என் கையைப் பிடித்து நிறுத்தி, "கிட்ட பாருங்க, பொடி முள்ளு இருக்கு" என்றாள் மனைவி. குனிந்து பார்த்தால், புள்ளி புள்ளியாகக் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய சுணை. பூவுக்குள் ஒரு தேனீ மகரந்தத்தில் புரண்டுகொண்டிருந்தது. இது நம் ஊர் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியின் சொந்தம். அந்தச் சாதியின் பூர்வீகமே அமெரிக்கக் கண்டங்கள்தான். சப்பாத்திக்கள்ளியில் வாழும் கோச்சினீல் பூச்சியை வளர்த்துச் சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் இதற்கென்றே தோட்டம் போட்டார். இதையெல்லாம் இரவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் எப்படிப் பார்ப்பது?

பார்க்கர் ஊருக்குத் தெற்கே போஸ்டன் என்ற இடத்துக்கும் ஒதுங்கிப் போனோம். பெரிய நகரம் பாஸ்டன் இல்லை இது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, ஜப்பானிய வம்சாவளி மக்களை, அதிலும் பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களை, இங்கே முகாமில் அடைத்து வைத்தார்கள். ஒரு கட்டத்தில் 17,000 பேருக்கு மேல் இருந்தார்கள். நிலம் பழங்குடியினருடையது, அவர்களுடைய மன்றம் எதிர்த்தும் முகாம் எழும்பியது. அடைபட்டவர்களே மண்ணைக் குழைத்துக் கல் அறுத்துத் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினார்கள், வாய்க்கால் வெட்டினார்கள். இன்று சுற்றிலும் பச்சைப் பசேலென்று குதிரைமசால் வயல்கள். நடுவே ஒரு நினைவுத் தூண். நாங்கள் நின்ற நேரத்தில் வேறு யாருமே வரவில்லை. கலிபோர்னியாவில் நாங்கள் குடியிருக்கும் பகுதியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ரயிலேற்றி இங்கே கொண்டுவந்தார்கள் என்பதை அங்கே படித்தபோது, மனைவி வெகுநேரம் பேசவில்லை. பார்க்க ஒன்றுமில்லாத பாலைவனம் என்று எழுதியவர் ஒரு தடவை அங்கே போய்வர வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பார்க்கரிலேயே எரிபொருள் நிரப்பிக்கொள்வது நல்லது. கொலராடோ ஆற்றைத் தாண்டினால் கலிபோர்னியா, விலை எகிறிவிடும். விடால் ஜங்ஷனில் விவசாயச் சோதனைச் சாவடி வரும். எலுமிச்சை, ஆரஞ்சு, செடி கொடி ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார்கள். கறிவேப்பிலைக்காக நம்மவர்கள் இங்கே முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்புகிற அசுவினி போன்ற சிறு பூச்சி ஒன்று கறிவேப்பிலைத் தளிரிலும் முட்டையிடும். எங்கள் ஃப்ரெஸ்னோவைச் சுற்றி எத்தனையோ குடும்பங்கள் ஆரஞ்சை நம்பிப் பிழைக்கின்றன. தயவுசெய்து ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். நாங்கள் கிளம்புமுன்பே கறிவேப்பிலையைக் காலிசெய்துவிட்டுத்தான் வருவோம்.

சாவடியிலிருந்து வடக்கே போனால் நீடில்ஸ் ஊர். நீடில்ஸிலிருந்து பார்ஸ்டோ வரை நெடுஞ்சாலை 40. ஏறத்தாழ 145 மைல், நடுவில் லட்லோ தவிரக் கடை கண்ணி அதிகமில்லை, பல இடங்களில் போனுக்கு சிக்னலும் கிடைக்காது. இரவில் டயர் வெடித்து நிற்பதற்கு ஏற்ற சாலை அல்ல. வசந்தத்தில் முக்கியமான எதிரி வெயில் அல்ல, காற்று. உயரமான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். காலையில் டயர் சூடாவதற்கு முன் காற்றழுத்தம் பார்த்து, வானிலை அறிவிப்பில் பலத்த காற்று என்றிருந்தால் அன்று கிளம்பாமலே இருந்துவிடுவோம். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது முடியாது. ஓய்வு பெற்றவர்களுக்கு முடியும். புழுதிப்புயலில் மாட்டிக்கொண்டால் சாலையை விட்டு முடிந்தவரை விலகி நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்து, கை பிரேக் போட்டுவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். பின்சிவப்பு விளக்கு எரிந்தால், முன்னால் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துப் பின்னால் வருபவர் அதைத் தொடர்ந்து வந்து மோதிவிடுவார்.

பார்ஸ்டோவுக்கு அப்புறம் 58ஆம் எண் சாலை. மொஹாவி ஊர் நெருங்கும்போது ஜோஷுவா மரங்கள், பிறகு டெஹாச்சாப்பி மலையேற்றம். மலை நெடுகக் காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்தது போலவே இருக்கும். அதைத் தாண்டி இறங்கினால் எங்கள் பள்ளத்தாக்கு, ஆரஞ்சுப் பூ வாசம்.

பிள்ளைகளுக்காக இங்கே வந்து குடியேறி, அவர்கள் வேலைக்குப் போனபின் நாளெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அவர்கள் பாலைவனம் வழியாக ஒருமுறையாவது மெதுவாகப் போய்வர வேண்டும். சொந்தமாக ஆர்.வி. இருக்க வேண்டும் என்றில்லை, வாடகைக்குக் கிடைக்கிறது. காரில் போய் விடுதியில் தங்கினாலும் சரிதான். 62 வயது நிரம்பி, குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களுக்குத் தேசியப் பூங்காக்களின் ஆயுட்கால மூத்தோர் அட்டை 80 டாலர், ஓராண்டு அட்டை 20 டாலர். பல அரசு முகாம்களில் தங்கும் கட்டணமும் பாதியாகும். ஏப்ரல் நடுப்பகுதிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், அப்புறம் வெயில் நூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்ட ஆரம்பித்துவிடும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் குடிதண்ணீர், வண்டித் தொட்டியில் உள்ளது போக, தனியாக இருக்கட்டும். மருந்து மாத்திரைகளை வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள்.

ஆசிரியர் அவர்கள் அந்தச் சுற்றுலாப் பக்கத்தில் இந்தப் பாதைக்கும் இடம் ஒதுக்க வேண்டும். ஆகஸ்டிலேயே வெளியிட்டால் நல்லது; செப்டம்பர் 15 முதல் அனுமதி தொடங்குகிறது, திட்டமிட மக்களுக்கு அவகாசம் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர்,
ஃப்ரெஸ்னோ, கலிபோர்னியா