பிழையை ஆசிரியரிடமே சொல்லுங்கள்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆசிரியரின் எழுத்துப் பிழையைப் பெற்றோர் சுட்டிக்காட்டுவது குருவை அவமதிக்கும் செயல், வீட்டிலேயே பிள்ளைக்குத் திருத்திக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பதே பண்பு என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கடந்த வாரம் தங்கள் வாசகர் கடிதப் பகுதியில் எழுதியிருந்தார். அவருடைய வயதுக்கும் பணிக்கும் உரிய மரியாதையோடு அதை மறுக்கிறேன். 'வீட்டிலேயே திருத்திக்கொள்ளுங்கள்' என்ற அந்த அறிவுரைதான் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன், அதாவது அச்சாகும் முன் பிழை திருத்துகிறேன். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, கோவில் கொடை நோட்டீஸ், பள்ளி டைரி என எல்லாம் என் மேசைக்கு வரும். மகள் இங்கே ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். சில வாரங்களுக்கு முன்பு, 'சொல்வதை எழுதுதல்' தேர்வில் அவள் 'சுவரில்' என்று எழுதியிருந்தாள். அதை ஆசிரியை சிவப்பு மையால் அடித்து, மேலே 'சுவற்றில்' என்று எழுதி, ஒரு மதிப்பெண்ணையும் குறைத்திருந்தார். அதன் கீழே, பத்து முறை எழுதி வரும்படி ஒரு குறிப்பு. வீட்டுக்கு வந்ததும் என் மகள் உட்கார்ந்து பத்து முறையும் 'சுவற்றில்' என்று எழுதி முடித்துவிட்டாள். இரவு நோட்டைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

கிணறு, வயிறு, ஆறு போன்ற சொற்கள் 'று' என்று முடிகின்றன. அவற்றோடு 'இல்' சேரும்போது கிணற்றில், வயிற்றில், ஆற்றில் என்று றகரம் இரட்டிக்கிறது. சுவர் அப்படி முடியவில்லை. ஊர், ஊரில், தேர், தேரில், சுவர், சுவரில். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதை அவளுக்கு மட்டும் விளக்கிவிட்டு நான் நிறுத்திக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே நாளில் அந்த வகுப்பில் இன்னும் எத்தனையோ நோட்டுகளில் அதே சொல் அடிக்கப்பட்டிருக்கிறது. எங்கள் தெருவிலேயே அந்த வகுப்பில் படிக்கும் இன்னொரு பெண் இருக்கிறாள். அவள் அம்மா தீப்பெட்டி ஆலைக்குப் போகிறார். டைரியில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே மகளுக்காகத்தான். அந்த வீட்டில் நோட்டைத் திறந்து 'இது தவறு' என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? தன் கூலியில் பெரும்பகுதியைக் கட்டணமாகக் கட்டி, ஆசிரியர் எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி அனுப்புகிறார் அவர். படித்த பெற்றோர் தம் பிள்ளையை மட்டும் வீட்டில் காப்பாற்றிக்கொண்டு பள்ளி வாசலில் வாயை மூடிக்கொண்டால், அந்தப் பெண்ணைக் கைவிடுகிறோம் என்றே அர்த்தம். இதைப் பண்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

தமிழில் இது இன்னும் முக்கியம். ர, ற இரண்டையும் இன்று பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் ஒலிக்கிறோம். ந, ன நிலையும் அதுதான். எங்கள் தென்மாவட்டங்களில் பழத்தைப் 'பளம்' என்பவர்களே அதிகம். காதால் கேட்டு எழுத்தைக் கண்டுபிடிக்கக் குழந்தைக்கு வழியில்லை. கரும்பலகையில் பார்ப்பதும் திருத்தப்பட்ட நோட்டில் பார்ப்பதும்தான் மனத்தில் பதிகின்றன. எட்டு, ஒன்பது வயதில் பதிந்த வடிவத்தைப் பிறகு மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதை என் வேலையில் தினமும் பார்க்கிறேன். நன்கு படித்தவர்கள் அச்சடிக்க எழுதிக் கொடுக்கும் தாள்களில் 'எண்ணெய்'க்குப் பதில் 'எண்ணை'யும், 'தவறாமல்' என்பதற்குப் பதில் 'தவராமல்' வருக என்ற அழைப்பும் வந்துகொண்டே இருக்கின்றன.

ஆகவே நான் மறுநாள் மாலை பள்ளி விட்டதும் அந்த ஆசிரியையைத் தனியாகச் சந்தித்தேன். முதலில் அவர் முகம் மாறியது உண்மைதான். "எல்லோரும் இப்படித்தானே எழுதுகிறார்கள், ஊரெல்லாம் 'இந்தச் சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்' என்றுதானே இருக்கிறது" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். வாழ்நாள் முழுவதும் சுவர்களில் பார்த்த எழுத்து அது. கிணற்றையும் ஊரையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நான் இதை யோசித்ததே இல்லை அம்மா" என்றார். அடுத்த வாரம் வகுப்பில் அந்தச் சொல்லை மறுபடியும் சொல்லி எழுத வைத்து, அன்று அடித்த நோட்டுகளில் எல்லாம் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டார் என்று மகள் வந்து சொன்னாள். தெருக்கோடிப் பெண்ணின் நோட்டிலும் அது திருத்தப்பட்டிருந்தது. அந்த ஆசிரியையின் மீது எனக்கிருந்த மதிப்பு அன்று பல மடங்கு கூடியது.

எல்லா நேரமும் இப்படி முடிவதில்லை. இரண்டாம் வகுப்பில் வேறு ஓர் ஆசிரியையிடம் இதே போல ஒன்றைச் சொல்லப் போய், "அப்படியானால் நீங்களே வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொள்ளுங்கள்" என்ற பதிலை வாங்கி வந்திருக்கிறேன். அதன் பிறகு கொஞ்ச காலம் மகளின் நோட்டு திருத்தப்படாமலேயே வந்தது. 'சொன்னால் பிள்ளை மேல் காட்டிவிடுவார்கள்' என்ற பயத்தில்தான் பல தாய்மார்கள் பேசாமல் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். அது உண்மையான பயம். அதைப் போக்க வேண்டிய பொறுப்பு பள்ளிகளுக்குத்தான் இருக்கிறது.

அதே அளவுக்கு என்னை வருத்துவது பெற்றோர் சிலர் செய்யும் காரியம். எங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தந்தை, கூட்டத்துக்குத் 'தவராமல்' வரச் சொல்லி ஆசிரியை டைரியில் எழுதியிருந்த குறிப்பைப் படம் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினார். கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். அந்த ஆசிரியையும் அதே குழுவில் இருக்கிறார் என்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவர் டைரியில் தன் கையால் எழுதுவதையே விட்டுவிட்டார். அலுவலகத்தில் அச்சடித்த துண்டுச் சீட்டுதான் வருகிறது. இதில் யாருக்கு என்ன நன்மை? பிழை திருந்தியதா? ஓர் ஆசிரியரைப் பிள்ளைகளோடு எழுத்தில் பேச விடாமல் செய்ததுதான் மிச்சம்.

குழந்தையின் காதுபட 'உன் டீச்சருக்கு ஒன்றும் தெரியாது' என்று சொல்வதும் அதே வகைதான். நாளைக்கு அந்த ஆசிரியர் கணக்குச் சொல்லிக்கொடுத்தாலும் அந்தக் குழந்தை முழு மனத்தோடு கேட்காது. என் மகளிடம் நான் சொன்னதெல்லாம், 'இது சுவரில்தான், டீச்சரிடம் நான் பேசுகிறேன்' என்பது மட்டுமே.

தனியார் பள்ளியாக இருந்தால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நேராக நிர்வாகத்திடம் புகார் கொண்டுபோகாதீர்கள். குறைந்த சம்பளத்தில், பணிப் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் வேலை பார்க்கும் இளம்பெண்கள்தான் அங்கே பெரும்பாலும் ஆசிரியைகள். ஒரு றகரத்துக்காக ஒருவர் வேலை போவதை நான் விரும்ப மாட்டேன். முதல் பேச்சு எப்போதும் அந்த ஆசிரியரிடம்தான் இருக்க வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியர்களின் நிலை வேறு. தேர்தல் வேலை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, எமிஸ் என்னும் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு என எல்லாவற்றுக்கும் நடுவில் நோட்டுத் திருத்துகிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு நாற்பதாவது நோட்டில் கை தவறுவது மனித இயல்பு. கரும்பலகையில் ஒரு புள்ளி விட்டுப்போனதற்கெல்லாம் பள்ளிக்குப் படையெடுக்க வேண்டியதில்லை. குழந்தை எழுதிய சரியான சொல்லைத் தவறென்று அடித்திருந்தாலோ, ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தாலோ, வினாத்தாளில் 'பொருத்துக' என்பது 'பொறுத்துக' என்று அச்சாகியிருந்தாலோ பேச வேண்டும்.

பேசப் போகும் முன் நமக்கே அது நிச்சயமாகத் தெரிந்திருக்கவும் வேண்டும். இயக்குநரா இயக்குனரா, வாழ்த்துகளா வாழ்த்துக்களா, நாள்களா நாட்களா என்பதில் தமிழறிஞர்களே ஒரு முடிவுக்கு வரவில்லை. அதை வைத்துக்கொண்டு ஆசிரியரிடம் வழக்காடக் கூடாது. பணி ஓய்வை நெருங்கும் ஆசிரியர் ஒருவர் லை, னை இரண்டையும் பழைய முறையில், மேலே துதிக்கை போல வளைத்து எழுதியதைப் பார்த்து, 'இவருக்கு எழுத்தே தெரியவில்லை' என்று ஓர் இளம் தாய் என்னிடம் சொன்னார். 1978இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்று ஆணை பிறப்பிக்கும் வரை அந்த எழுத்துகளைப் பெரும்பாலோர் அப்படித்தான் எழுதினார்கள். அவர் சிறு வயதில் கற்ற எழுத்து கையில் தங்கிவிட்டது. அதை விளக்கியதும் அந்தத் தாய் பள்ளிக்குப் போகவில்லை. நமக்குச் சந்தேகம் வந்தால் முதலில் திறக்க வேண்டியது குழந்தையின் தமிழ்ப் பாடநூல். ஆசிரியருக்கும் நமக்கும் பொதுவான நூல் அதுதான்.

தலைமையாசிரியர் ஐயா அவர்கள் குருபக்தியைப் பற்றி எழுதியிருந்தார். நன்னூல் பாயிரம் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்று நான்கு உவமைகளைச் சொல்கிறது. நிறைகோல் என்பது தராசு. ஐயம் தீரப் பொருளை உணர்த்துவதும் நடுநிலை தவறாமல் நிற்பதும் அதன் இயல்பு என்கிறார் பவணந்தியார். ஐயத்தோடு வரும் பெற்றோரை ஆசிரியரின் பகைவராகப் பார்க்க அந்த இலக்கணத்தில் இடமே இல்லை.

எங்கள் அச்சகத்தில் தட்டச்சு செய்தவரே தன் புரூஃபைப் பார்க்க அனுமதி கிடையாது. எழுதியவர் கண் தான் எழுத நினைத்ததையே படிக்கும். அதனால் இன்னொருவர் பார்க்கிறோம். காலண்டர் என்றால் மூன்றாவது ஆளும் பார்ப்பார். நான் வட்டமிட்ட தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது தட்டச்சு செய்த தம்பி ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. அச்சடித்த பிறகு பிழை தெரிந்தால் எவ்வளவு தாள் வீணாகும் என்று அவருக்குத் தெரியும். நாளிதழ்களும் பிழை நேர்ந்தால் மறுநாள் திருத்தம் வெளியிடுகின்றன. அதற்காக யாரும் நாளிதழ் வாங்குவதை நிறுத்திவிடவில்லை. பள்ளியில் மட்டும் இது ஏன் மானப் பிரச்சினையாக வேண்டும்?

கல்வி உரிமைச் சட்டம், 2009இன்படி அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். கழிப்பறை, குடிநீர் பற்றிப் பேசும் அந்தக் கூட்டத்தில் இதையும் பேசலாம். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே ஆண்டின் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே தலைமையாசிரியர் எழுந்து, 'எங்கள் எழுத்தில் பிழை கண்டால் வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள், அதனால் உங்கள் பிள்ளைக்கு எந்தத் தீங்கும் வராது' என்று வாய்திறந்து சொன்னால் போதும். பாதித் தயக்கம் அங்கேயே போய்விடும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. எந்தப் பள்ளியாக இருந்தாலும் வினாத்தாளைத் தயாரித்தவர் தவிர வேறு ஓர் ஆசிரியரும் அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை; ஒரு பாடவேளை போதும். காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது. இந்தத் தேர்விலேயே தொடங்கலாம்.

என் பெயர் வெளியானால் எந்தப் பள்ளி, எந்த ஆசிரியை என்பது ஊரில் தெரிந்துவிடும். அவர்களுக்காகப் பெயரைத் தவிர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவியின் தாய்,
சிவகாசி.