உமையாளுக்கு, செக்காலை ரோட்டிலிருந்து

காரைக்குடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள உமையாள்,

நீ கேட்டு ஆறு வாரம் ஆகிவிட்டது. "கோயம்புத்தூரில் எட்டுப் பேர் இருக்கிற ஒரு கன்சல்டிங் ஆபீஸில் கூப்பிடுகிறார்கள், போகலாமாடி?" என்று கேட்டிருந்தாய். போ, போகாதே என்று ஒரு வரியில் சொல்ல மனசு வரவில்லை. நடுவில் உன் வீட்டுப் பால்காய்ச்சுக்கும் வரவில்லை. அந்தக் கோபத்தை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். அப்பச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சிகப்பிக்கு ரெண்டாவதும் பையன். ஆத்தா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஆபீஸில் நாங்கள் ஐந்து பேர். பழைய வீடு ஒன்றின் முகப்பை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். மேஜை போட்டிருக்கிற பட்டாலையில் சித்திரை வெயிலிலும் குளிர்ச்சிதான், ஃபேன்கூட வேண்டாம். முதலாளி முன்னாள் பேங்க் மேனேஜர். கடன் கொடுக்கிற பக்கம் முப்பது வருஷம் உட்கார்ந்துவிட்டு, இப்போது கடன் கேட்கிற பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அரிசி மில், மசாலாப் பொடி, கண்டாங்கி நெசவு, பழைய வீட்டை ஹோட்டலாக்க நினைக்கிறவர்கள் என்று எல்லாரும் வருகிறார்கள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போடுவது, கணக்கைப் பார்த்து எங்கே காசு ஒழுகுகிறது என்று சொல்வது, பேங்கில் கேட்கிற கேள்விக்குப் பதில் தயார் செய்து கொடுப்பது, இதெல்லாம்தான் வேலை. ரிப்போர்ட் எழுதுகிறவளும் நான்தான், பில் போடுகிறவளும் நான்தான். பாக்கிக்குப் போன் அடிக்கிறதும் நான், கூரியர் பையனுக்குக் காத்திருக்கிறதும் நான்.

சென்னையில் பெரிய ஆபீஸில் இருந்த மூன்று வருஷத்தில் நான் எத்தனை பார்ட்டியை நேரில் பார்த்தேன் தெரியுமா? நாலு பேர். பன்னிரண்டு பேர் சேர்ந்து போடுகிற அறிக்கையில் எனக்கு ஒரு அத்தியாயம் வரும். முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது. நம் எழுத்தை வைத்து யார் என்ன செய்தார்கள் என்பதும் தெரியாது. இங்கே அப்படி இல்லை. நான் "முடியும்" என்று எழுதினால் ஒருவர் கடன் வாங்கிவிடுவார். அந்த ஆள் அடுத்த வாரம் கொப்புடையம்மன் கோயில் வாசலில் எதிரே வருவார். இதில் சந்தோஷம் பாதி, பயம் பாதி.

அப்புறம் பணம். நீ மெஸ் பில்லையே மூணு தடவை கூட்டிப் பார்க்கிறவள், அதனால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பில் போட்ட மறுமாதம் 20-ஆம் தேதிக்குள் அந்த பில்லுக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யை நாங்கள் கட்டியாக வேண்டும், பார்ட்டி ஒரு ரூபாய்கூடக் கொடுத்திருக்காவிட்டாலும். கொடுக்கும்போது பெரிய பார்ட்டிகள் வருமான வரிக்கென்று 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொள்வார்கள். 2006-ஆம் வருஷத்துச் சிறுதொழில் சட்டத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு நல்ல பாதுகாப்பு இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 45 நாளைக்கு மேல் இழுக்க முடியாது, இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் பேங்க் வட்டிபோல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. ஊருக்கெல்லாம் இதை எடுத்துச் சொல்கிற நாங்களே எங்கள் பாக்கிக்கு இதுவரை ஒரு தடவையும் அந்தச் சட்டத்தைக் கையில் எடுக்கவில்லை. நோட்டீஸ் விட்டால் அடுத்த கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்து இலையில் அவர் உட்கார்ந்திருப்பார். எங்கள் வருமானத்தில் பாதி ஒரே பார்ட்டியிடமிருந்து வருகிறது. அவர் தும்மினால் எங்களுக்குக் காய்ச்சல் வந்துவிடும். போன ஆவணியில் சம்பளம் பன்னிரண்டு நாள் தள்ளித்தான் வந்தது. ஆத்தாவிடம் சொல்லாமல் சமாளித்தேன், நீயும் சொல்லிவிடாதே.

அந்தப் பன்னிரண்டு நாளுக்கு நானும் ஒரு காரணம். உனக்கு எழுதாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம்.

ஆத்தங்குடியிலிருந்து ஒருவர் வந்தார். இருபது வருஷமாகப் பூக்கல் பட்டறை, அதுதான் தரையில் பதிக்கிற பூப்போட்ட கல் செய்கிற பட்டறை, நடத்துகிறவர். மெஷின் போடப் போகிறார், முப்பது லட்சத்துக்கு ரிப்போர்ட் வேண்டும். பி.எம்.இ.ஜி.பி. என்கிற மத்திய அரசின் மானியக் கடன் திட்டம் புதுத் தொழிலுக்குத்தான் என்பதால், மனைவி பேரில் புதுசாக ஆரம்பிக்கிற மாதிரி காட்டிவிடலாம், கிராமத்தில் பெண்களுக்கு 35 சதவீதம் மானியம், கைக்காசு 5 சதவீதம் போட்டால் போதும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த மானியம் கையில் வராது, மூன்று வருஷம் பேங்கிலேயே டெபாசிட்டாகக் கிடந்து பிறகுதான் கடனில் கழியும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

நான் பட்டறையைப் பார்க்காமல் எழுத மாட்டேன் என்றேன். ரெண்டு நாள் போய் உட்கார்ந்தேன். உமையாள், நம் வீட்டுத் தரையில் அத்தனை வருஷம் படுத்துப் புரண்டிருக்கிறோம், அது எப்படி உண்டாகிறது என்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு கண்ணாடிப் பலகையைத் துடைத்து வைக்கிறார். மேலே தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சின்னக் கரண்டியால் வண்ணச் சிமெண்டை ஊற்றுகிறார், பச்சை, சிவப்பு, மஞ்சள். அச்சை நேராகத் தூக்குகிறார், கை ஆடவில்லை, பூ அப்படியே நிற்கிறது. மேலே மணலும் சிமெண்டும் தூவி, கலவையைப் போட்டுத் தட்டி மட்டம் செய்கிறார். சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. மறுநாள் தண்ணீர்த் தொட்டிக்குள் போகிறது. நாள் கணக்கில் ஊறி, எடுத்துக் காயவைத்தால்தான் கல்.

மத்தியானம் மூணு மணிக்கே அவர் கையைக் கழுவிவிட்டார். ஆர்டர் இருக்கிறது, மணல் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது. ஏன் நிறுத்திட்டீங்க என்று கேட்டேன். "தொட்டியில இடமில்லத்தா" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். கை மெதுவாக இருப்பதால் உற்பத்தி நிற்கவில்லை, தொட்டி சின்னதாக இருப்பதாலும் காயவைக்க நிழல் போதாததாலும் நிற்கிறது. ஐப்பசி மழையில் அதுவும் படுத்துவிடும். முப்பது லட்சத்துக்கு மெஷின் வாங்கிப் பத்து மடங்கு கல் அடித்தாலும் அதே தொட்டியின் வாசலில்தான் அடுக்கி வைக்க வேண்டும். தவணை மட்டும் மாதாமாதம் வந்து நிற்கும். மெஷினில் அடித்த கல்லுக்காக யாரும் ஆத்தங்குடி தேடி வருவதும் இல்லை. இன்னும் ரெண்டு தொட்டி, ஒரு ஷெட், இருக்கிற கைகள். பத்தில் ஒரு பங்கு செலவு.

எங்கள் முதலாளி சார் இதையெல்லாம் நான் எழுதின தாளை அரைமணி நேரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதை அவர்கிட்ட நீயே சொல்லு, நான் பக்கத்துல இருக்கேன்" என்றார். சொன்னேன். பட்டறைக்காரர் முகம் சிவந்துவிட்டது. "நான் கேட்டது ரிப்போர்ட்டு, புத்தி இல்ல" என்று எழுந்து போனார். ஃபீஸ் போயிற்று. பேரை மாற்றிப் போட்டு ரெண்டே நாளில் ரிப்போர்ட் தருகிற இடம் இல்லாமலா இருக்கும்? சார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். சம்பளம் தள்ளிப்போன அந்த நாட்களில், எங்கள் கணக்குப் பையன் பெட்ரோல் போடக் காசில்லாமல் நடந்து வந்ததைப் பார்த்தேன். நான் செய்தது சரியா என்று ராத்திரி ராத்திரியாக யோசித்தேன். பெரிய ஆபீஸில் இந்தக் கேள்வி என் மேஜைக்கே வந்திருக்காதுடி.

போன வியாழக்கிழமை ஒரு அம்மா டவுன் பஸ்ஸில் தனியாக வந்தார். கையில் மஞ்சள் பை. அந்தப் பட்டறைக்காரரின் மனைவி. வேறு இடத்தில் தயாரான ரிப்போர்ட்டை என் முன்னால் வைத்து, "எங்கெல்லாமோ கையெழுத்துக் கேக்குறாக. எம் பேருல கடன்னா நாந்தானே கட்டணும்? இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுத்தா" என்றார்.

அவர் எங்கள் பார்ட்டி இல்லை. அந்த ரிப்போர்ட் எங்களுடையதும் இல்லை. நான் சாரைப் பார்த்தேன். சார் எழுந்து டீ சொல்லப் போய்விட்டார். ஒவ்வொரு பக்கமாக வாசித்துக் காட்டினேன். மூணாவது வருஷத்து வருமானம் என்று போட்டிருந்த இடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இவ்வளவு கல்லை எங்க ஊற வைக்கிறது?" நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை, உமையாள். இருபது வருஷமாக அந்தத் தொட்டியில் கல்லை இறக்கி ஏற்றுகிறவர் அவர். அவரை நான் அந்த ரெண்டு நாளும் பார்த்தேன், ஒரு கேள்வி கேட்கவில்லை. பட்டறைக்காரரிடமே பேசிவிட்டு வந்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். சம்பளத்தைக் கடைசியில் கேள். முதலில், எத்தனை பார்ட்டி, அதில் பெரிய பார்ட்டி ஒருவரே எவ்வளவு தருகிறார் என்று கேள். நீ எழுதினதை அங்கே இன்னொருவர் வாசிப்பாரா என்று கேள், ஏனென்றால் சின்ன இடத்தில் உன் தப்பு நேரே வெளியே போய்விடும். கடைசியாக எந்தப் பார்ட்டியிடம் "வேண்டாம்" என்று சொன்னார்கள், எப்போது என்று கேள். பதில் சொல்லத் தடுமாறினால் இப்போது இருக்கிற சென்னையிலேயே இரு. உடனே ஒரு பேர் வந்தால், பெட்டியைக் கட்டு. முடிவெடுக்கும் முன்னால் பல்லவன் ரயிலில் ஏறி ஒரு தடவை இங்கே வந்துவிட்டுப் போ. ஆத்தா கும்மாயம் செய்து தருவார்கள்.

அந்த அம்மா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பட்டறை வரவு செலவு எழுதின நோட்டு அவரிடம் பதினோரு வருஷத்துக்கு இருக்கிறதாம், வீட்டுக்காரருக்கே முழுசாகத் தெரியாதாம். புதன்கிழமை எடுத்து வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
வள்ளி